இடது பக்கத்து இருக்கை

கோயம்புத்தூரில் கார் சீட் தைக்கும் மூசாவுக்குத் திருட்டுப் பட்டம் கிடைக்க இருந்தது. மில் முதலாளி வரதராஜுலு, தன் அப்பா ஓட்டிய பழைய ஸ்போர்ட்ஸ் காரின் இரண்டு சிவப்பு இருக்கைகளையும் அவரிடம் கொடுத்திருந்தார். மூசா பழைய தோலை மாற்றாமல், உள்ளே பஞ்சை மட்டும் புதுப்பித்துத் தைத்தார். அதற்குள் ஒரு தரகர் இன்னொரு ஜோடியோடு வந்து, "அசல் இதுதான். உங்க மூசா சந்தையில வித்ததை நான் மீட்டுட்டு வந்தேன்" என்றார்.

இரண்டு ஜோடிகளும் பங்களா வாசலில் வரிசையாக வைக்கப்பட்டன.

"ஒரு நூலைப் பிரிக்கக் கூடாது. எது அசல்னு இங்கேயே நிரூபி. இல்லேன்னா போலீசுதான்" என்றார் முதலாளி.

மூசா நான்கு இருக்கைகளையும் தடவிப் பார்த்தார்.

"பெரிய முதலாளி கார்ல யாரை ஏத்திட்டுப் போவாருங்க?"

"முப்பது வருஷமும் தனியாத்தான் ஓட்டினார். எங்கம்மாவையே ஏத்தினதில்ல!"

"ஒரு நாள்கூட இல்ல" என்றார் நாற்காலியில் இருந்த முதலாளியின் தாய், பெரியம்மா.

"நான் தச்சதுல ஓட்டுறவரு சீட்டு தேஞ்சிருக்குதுங்க, இடது சீட்டு புதுசாட்டம் இருக்குது. இவரு கொண்டாந்ததுல ரெண்டும் ஒண்ணுபோலத் தேஞ்சிருக்குது. இதுதான் அசல்னா, முப்பது வருஷம் பக்கத்துல யாரோ உக்காந்து போயிருக்காங்க. யாருன்னு எனக்குத் தெரியாதுங்க."

பெரியம்மா கண்ணாடியைக் கழற்றினார். "வரதா, யாருடா அது?"

"யோவ் தரகரே, இந்த ரெண்டையும் தூக்கிட்டு முதல்ல வெளியே போய்யா!" என்று கத்தினார் முதலாளி.

சாயங்காலமே மூசா தைத்த இருக்கைகள் காரில் ஏறின. இடது பக்கம் பெரியம்மா உட்கார்ந்துகொண்டார்.