ரெண்டுக்கு ஒண்ணு, தொட்டி காலி

நன்மங்கலத்தில் மூன்றே வீடுள்ள ஓர் அடுக்ககம். மூன்று வீட்டுக்கும் ஒரு சங்கம், சங்கத்துக்குச் செயலாளர் நம்ம கோதண்டம். தண்ணீர் மோட்டார் போட முன்னே சுவரில் சுவிட்ச் இருந்தது. ஆப் வந்ததும், "செல்போன் இருக்க சுவிட்ச் எதுக்கு?" என்று அதைப் பிடுங்கி, சிமென்ட் பூசி, மேலே சாமி படமும் மாட்டிய புண்ணியவான் இவர்தான்.

ஒருநாள் ஆப் கம்பெனியின் கிளவுட் சர்வர் எங்கேயோ கண்காணாத தேசத்தில் படுத்துவிட்டது, இங்கே மோட்டார் ஓடவில்லை. தலை நிறைய ஷாம்பூவோடு குளியலறையில் நின்ற கோதண்டம், "என்னை மாதிரி கூறுகெட்டவன் உண்டா!" என்று தன்னையே திட்டிக்கொண்டார். வருகிற ஞாயிறு மகள் கனகாவைப் பெண் பார்க்க வருகிறார்கள். அன்றைக்கும் இப்படி ஆனால் மானம் போய்விடுமே!

கம்ப்யூட்டர் படித்த மச்சினன் போனில் வழி சொன்னான். "அத்தான், எல்லாத்தையும் ஒரே இடத்துல வெச்சா இப்படித்தான். இனிமே மையம்னு யாருமே வேணாம். மூணு வீட்டு போனும் சேர்ந்து முடிவு பண்ணட்டும். அவங்கவங்க இருக்கிற இடத்துல சரிபார்த்துச் சொல்லணும். ரெண்டு பேர் சொல்றதுதான் உண்மை." அவனே எல்லார் போனிலும் அதைப் போட்டும் கொடுத்தான்.

ஞாயிறு வந்தது. சங்கத் தலைவர் சற்குணம் திருச்செந்தூர் லாட்ஜில் இருந்தார், மூன்றாம் வீட்டு ஜெயசீலி டீச்சர் ரயிலில் போய்க்கொண்டிருந்தார். மூவரும் ஒருமனதாக மோட்டாரைப் போட்டார்கள். தொட்டி நிறைந்தது, வழிந்தது, தண்ணீர் படிக்கட்டில் இறங்கிக் கூடத்துக்குள்ளேயே வந்துவிட்டது.

"நிறுத்தணும், ஓட்டுப் போடுங்க!" என்று போனில் அலறினார் கோதண்டம்.

சற்குணம் லாட்ஜ் குழாயைத் திறந்து பார்த்தார். "சொட்டுத் தண்ணி இல்லையே சார்."

"ஐயா, நான் கண்ணால பாக்கறேனே!"

"நீங்க உங்க இடத்துல பாக்கறீங்க, நான் என் இடத்துல பாக்கறேன். முறைன்னு ஒண்ணு இருக்கில்ல?"

டீச்சர் ரயில் குழாயை அழுத்தினார். "இங்கயும் வெறும் காத்துதான். ரெண்டுக்கு ஒண்ணு. தொட்டி காலி."

கோதண்டத்துக்கு அழுகையே வந்தது. ஆனால் கணக்கு சரியாக இருந்ததே, என்ன செய்ய?

"மெயினை அணைச்சுத் தொலைங்களேன்!" என்றாள் மனைவி அலமேலு.

"நான் ஒருத்தனா அணைச்சா, அப்புறம் நான்தான்டி மையம்!"

அதற்குள் மாப்பிள்ளை வீட்டார் வேட்டி, புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பழத்தட்டுகளைத் தலைக்கு மேலே ஏந்தியபடி வந்து சேர்ந்தார்கள். பெண்ணைப் பார்த்ததும் எல்லாருக்கும் பிடித்துப்போனது. மாப்பிள்ளையின் அப்பா, நனைந்த காலை நாற்காலிமேல் தூக்கி வைத்துக்கொண்டு சிரித்தார்.

"பசங்க கல்யாணம் ஆனதும் இந்தப் பக்கமே குடிவரப் போறாங்க. ஒரே ஒரு கேள்விதான் சம்பந்தி. இங்க தண்ணிக்குக் கஷ்டம் இல்லையே? கஷ்டம் இல்லைன்னா இப்பவே தட்டு மாத்திடலாம்."

அலமேலு பின்னாலிருந்து கிள்ளினாள். கோதண்டம் கணுக்கால் தண்ணீரில் நின்றபடி போனை எடுத்தார். என்ன இருந்தாலும் செயலாளர் இல்லையா?

"ஒரு நிமிஷம் சம்பந்தி, கேட்டுச் சொல்றேன்."

ஓரமாகப் போய்ப் போனில் பேசிவிட்டு வந்து, கூனிக்குறுகிக் கைகூப்பினார்.

"மன்னிக்கணும். தண்ணி இல்லையாம். நீங்க கால் கழுவிக்கவாவது வேணுமேன்னு லாரிக்குச் சொல்லிட்டேன்."