பதிமூன்று மார்க்கை வீணாக்கிய கீரி

போன ஜூலையில், கவுன்சிலிங் நடந்த வாரம், ஜெபக்கூட்டம் முடிந்து காபி ஆறுவதற்குள் எஸ்தர்ராணி அக்கா இந்தக் கதையை எனக்குச் சொன்னாள்.

ஒரு காட்டில் செம்பி என்றொரு கீரி இருந்தது. பன்னிரண்டாம் வகுப்பில் அதன் கட் ஆஃப் நூற்றுத் தொண்ணூற்று நான்கு. காட்டுக் கல்லூரியில் கம்ப்யூட்டர் படிக்க வேண்டும் என்று ஆசை. ஆனால் கம்ப்யூட்டரிலேயே இரண்டு படிப்பு. ஒன்று செயற்கை அறிவு. போன வருடம் அதில் கடைசி சீட்டு நூற்றுத் தொண்ணூற்று நான்குக்குப் போனது. இன்னொன்று சைபர் செக்யூரிட்டி, அதாவது திருடன் புகாமல் கம்ப்யூட்டரைக் காக்கிற படிப்பு. அது நூற்று எண்பத்தொன்றுக்கே கிடைத்தது.

எது முதலில் என்று பொழுது சாய்வதற்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டால் நாலு வருடத்துக்கு மாற்ற முடியாது.

பெருச்சாளி மாமா வந்து உட்கார்ந்துகொண்டார்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? செயற்கை அறிவுதான். மத்ததுல சேர்ந்தா பதிமூணு மார்க் வீணாப் போயிடும்ல!"

"வீணான மார்க் எங்க மாமா போகும்?"

"வாயப் பாரு. என் பையன் ஒரு மார்க்கைக்கூட மிச்சம் வைக்காம சேர்ந்தவன், தெரியுமா?"

செம்பி அந்தப் பையனைத் தேடிக் கல்லூரிக்கே போனது. அவன் கடைசி பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்தான். பலகை முழுக்கக் கணக்கு.

"என்னண்ணே படிக்கிறே?"

"பேரு நல்லாருக்கு. அப்பாவுக்கு ரொம்பப் பிடிக்கும். உள்ள நாள் பூரா கணக்கு. எனக்கு மூணு அரியர்."

"முன்னாடி ஒரு அணில் வாலை ஆட்டிக்கிட்டு எழுதுதே?"

"அதுக்குக் கணக்குப் பைத்தியம். சாப்பாட்டு நேரத்துலயும் போடும்."

அடுத்த அறையில் நடந்த சைபர் செக்யூரிட்டி வகுப்பில் ஆந்தை சார் பலகையில் ஒரு வளையை வரைந்திருந்தார். "இதுக்கு ஒன்பது வாசல். திருடன் எது வழியா வருவான்?"

செம்பிக்கு வாய் சும்மா இருக்குமா? கதவோரம் நின்றபடியே சொன்னது. "பத்தாவதா ஒண்ணு இருக்கு சார். வேருக்கு அடியில."

அன்றைக்கு முதல் தடவையாக ஆந்தை சார் இரண்டு கண்ணையும் திறந்தார்.

"படிச்சு முடிச்சா வேலை கிடைக்குமா சார்?" என்று செம்பி கேட்டது.

"போன வருஷம் இருபது பேர்ல பதினாலு பேருக்குக் கிடைச்சது. மிச்ச ஆறு பேருக்குக் கடைசி வரைக்கும் வாசலையே எண்ணத் தெரியல."

"செயற்கை அறிவுல?"

"அங்கயும் பதினாலுதான். எல்லாம் அங்க முன் பெஞ்சுல இருக்கிற அணில் மாதிரி ஆளுங்க."

செம்பி வீட்டுக்கு ஓடிவந்து சைபர் செக்யூரிட்டியை முதலில் எழுதியது. மாமா நெஞ்சில் அடித்துக்கொண்டார். "போச்சு, பதிமூணு மார்க்கும் போச்சு!"

அடுப்படியிலிருந்து அம்மா கீரி சொன்னது. "மார்க்கு வாசல் வரைக்கும்தான் அண்ணா. உள்ள போறப்ப செருப்பு மாதிரி கழட்டி விட்டுடணும்."

"நாளைக்குக் கல்யாண வீட்டுல கேட்டா என்னன்னு சொல்றது?"

"பிள்ளை முழிச்சிருந்து படிக்குதுன்னு சொல்லுங்க."

எவ்வளவு மார்க்குக்குக் கிடைக்கிறது என்று பார்த்துப் படிப்பை எடுக்கக் கூடாது. உள்ளே என்ன சொல்லித் தருகிறார்கள், அது நமக்குப் பிடிக்குமா, பிறகு சோறு போடுமா என்று விசாரித்து எடுக்க வேண்டும்.

உங்கள் வீட்டில் இந்த வருடம் யாராவது பட்டியல் எழுத உட்கார்ந்தால், பேனாவைக் கொஞ்ச நேரம் அவர்கள் கையிலேயே விட்டுவையுங்கள்.