அத்திப் பூ மறைந்த கதை

மண்ணில் முள் முளைக்காத காலம் அது. மரங்கள் அப்போது பேசும். ஏதேன் தோட்டத்தில் எல்லா மரங்களையும்விட அழகாகப் பூத்தது அத்திதான். தன் பூவின்மேல் அதற்கு அத்தனை ஆசை. விடிந்ததும், "என் பூவைப் பார்த்தீர்களா?" என்று பக்கத்து மரங்களைக் கேட்கும்.

கடவுள் விலக்கிய மரத்தின் கனியை முதல் மனிதனும் அவன் மனைவியும் தின்ற அன்று, அந்தப் பெண் தோட்டமெங்கும் தலைதெறிக்க ஓடினாள். தான் ஆடையில்லாமல் இருப்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்திருந்தது. மனிதன் ஒரு புதருக்குப் பின்னால் குறுகி உட்கார்ந்துவிட்டான்.

பெண் மாதுளையிடம் இலை கேட்டாள்.

"கடவுள் கேட்டால் நான் என்ன சொல்வேன்? போய்விடு" என்றது மாதுளை. ஒலிவ மரம் கிளைகளை எட்டாத உயரத்துக்கு இழுத்துக்கொண்டது. தோட்டத்தின் நடுவில் நின்ற வாழ்வின் மரத்திடம் ஓடிக் கை நீட்டினாள்.

"தொடாதே, மகளே" என்றது அது. "இரக்கம் இல்லாமல் சொல்லவில்லை. என்னில் ஓர் இலையை எடுத்தாலே போதும், உனக்குச் சாவு என்பதே வராது. இந்த வெட்கமும் உன்னைவிட்டுப் போகாது. முடிவே இல்லாமல் இப்படி ஒளிந்துகொண்டே இருப்பாயா?"

அவள் கையை இழுத்துக்கொண்டாள். அழுவது எப்படி என்று இன்னும் அவளுக்குத் தெரியாது. நின்ற இடத்தில் நடுங்கினாள்.

அத்தி அதைப் பார்த்தது. அதன் பூக்கள் மெல்லியவை. இலை நிழல் போனால் வெயிலில் கருகிவிடும். தன் பூக்களை ஒருமுறை நோக்கியது. பிறகு கிளையைத் தாழ்த்தியது.

"இங்கே வா, அம்மா. வேண்டியதைப் பறித்துக்கொள்."

அவள் பறித்த இடமெல்லாம் பால் கசிந்தது.

"வலிக்கிறதா?" என்று கேட்டாள்.

"வலிக்கத்தான் செய்கிறது. நீ பறி. அவனுக்கும் சேர்த்துப் பறி."

இருவரும் இலைகளைத் தைத்து உடுத்திக்கொண்டார்கள். அத்தி மொட்டையாக நின்றது. வெயில் ஏற ஏறப் பூக்கள் சுருங்கின.

வெயில் தணிந்த வேளையில் கடவுள் தோட்டத்தில் உலாவ வந்தார்.

"உன் இலைகள் எங்கே?" என்று அத்தியைக் கேட்டார்.

"கொடுத்துவிட்டேன், ஆண்டவரே."

"அவர்கள் என் சொல்லை மீறியவர்கள் என்று தெரியுமா?"

"தெரியும். அவள் நடுங்கினாள். அதைப் பார்த்துக்கொண்டு என்னால் நிற்க முடியவில்லை."

கடவுள் அதன் மொட்டைக் கிளையைத் தொட்டுப் பார்த்தார்.

"இனி அவர்கள் இந்தத் தோட்டத்தில் இருக்க முடியாது" என்றார். "நீ கொடுத்த இலையும் வாடிவிடும். அவர்களுக்குத் தோலாடை நான் செய்து தருவேன். ஆனால் உன் பூ கருக வேண்டாம்."

மிஞ்சியிருந்த பூக்களை உள்ளங்கையில் ஏந்தி மெல்ல மூடினார். கை திறந்தபோது அங்கே பச்சையாய் ஒரு சிறு காய் இருந்தது. பூவெல்லாம் அதற்குள்ளே போயிருந்தது.

"என் பூவை இனி யாருமே பார்க்க மாட்டார்களா?" என்று கேட்டது அத்தி.

"பார்க்க மாட்டார்கள். பசித்தவர்கள் தின்பார்கள்."

அத்தி தன் வெறுங்கிளைகளைப் பார்த்துக்கொண்டது. "அது போதும், ஆண்டவரே" என்றது.

அன்று தொட்டுத்தான் அத்தி தன் பூவைக் காயின் வயிற்றுக்குள்ளேயே பூக்கிறது. காணக் கிடைக்காத ஒன்றைக் கண்டால் நாமும் 'அத்தி பூத்தாற்போல' என்கிறோம்.