அணில் வீட்டு ஜன்னலும் அரச இலையும்

குளத்தங்கரை இலுப்பை மரப் பொந்தில் பவளாயி என்ற அணிலும் அவள் புருஷன் சடையனும் குடியிருந்தார்கள். அந்தப் பொந்துக்கு இரண்டு வழி. கீழே இருந்த வாசல் குறுகலாக, வளைந்து வளைந்து உள்ளே போகும். அணிலைத் தவிர வேறு எதுவும் அதில் நுழைய முடியாது. மேலே கிழக்குப் பார்த்து ஒரு ஜன்னல். அது அகலமானது. காலை வெயில் அதன் வழியே வந்து நேராகத் தொட்டிலில் விழும்.

தொட்டிலில் மூன்று குட்டிகள். கண் இன்னும் திறக்கவில்லை. மூத்ததும் நடுவுள்ளதும் திடமாக இருந்தன. கடைக்குட்டி மட்டும் கொஞ்சம் சவலை.

அணில் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. காலை வெயில் உள்ளே விழுந்ததும் தாய் வேறு எந்த வேலையும் பார்க்க மாட்டாள். ஒவ்வொரு குட்டியாகத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். காதுக்குப் பின்னால், அக்குளில், வால் அடியில் உண்ணி ஏறியிருக்கும். அதைப் பிடுங்கிப் போட்ட பிறகுதான் பால் கொடுப்பாள். பவளாயியும் அப்படித்தான் செய்துவந்தாள்.

ஜன்னலுக்கு நேரே ஒரு கிளை. அதில் சொர்ணம் என்ற மைனா வந்து உட்காருவாள். சொர்ணம் கெட்டவள் இல்லை. ஆனால் கண்ணில் பட்டதை வயிற்றில் வைத்துக்கொள்ளத் தெரியாதவள். அணில் வீட்டில் என்ன கொட்டை சேர்த்திருக்கிறார்கள், புருஷனும் பெண்டாட்டியும் எந்தச் சண்டைக்குப் பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்தார்கள், எல்லாம் மதியத்துக்குள் குளம் முழுவதும் தெரிந்துவிடும். தவளைகள் பவளாயியைப் பார்த்துச் சிரிக்கும். அவள் தலையைக் குனிந்துகொண்டு தண்ணீர் குடித்துவிட்டு வருவாள். சடையனிடம் சொன்னால், பறவை என்றால் கத்தத்தான் செய்யும், விடு என்பான்.

ஒரு நாள் அவள் தண்ணீர் குடிக்கப் போனபோது கரையில் சொர்ணம் பேசிக்கொண்டிருந்தாள். கேட்டுக்கொண்டிருந்தது காட்டுப்பூனை. அது கண்ணை மூடியபடி படுத்திருந்தது. அணில் வீட்டில் மூன்று குட்டி, இரண்டு கொழுகொழு, ஒன்று சவலை என்று சொர்ணம் விவரித்துக்கொண்டே போனாள். பூனை ஒன்றே ஒன்றுதான் கேட்டது.

"ஜன்னல் என்ன அகலம் இருக்கும்?"

பூனை எதற்குக் கேட்கிறது என்று பவளாயிக்குப் புரிந்துவிட்டது. தண்ணீர் குடிக்காமலே வீட்டுக்கு ஓடினாள். தேங்காய் நாரை அள்ளினாள், இலவம்பஞ்சை அள்ளினாள், குளத்துக் களிமண்ணைச் சுமந்து வந்தாள். சாயங்காலத்துக்குள் ஜன்னலை இறுக்கி அடைத்துவிட்டாள்.

சடையன் இரை தேடிவிட்டு வந்தான். சொந்த வீட்டிலேயே சுவரில் முட்டிக்கொண்டான். காலையில் உண்ணி பார்க்க வெளிச்சத்துக்கு எங்கே போவாய் என்று கேட்டான்.

"என் பிள்ளைகளைத் தெரிஞ்சுக்க எனக்குக் கண்ணு எதுக்குங்க? மூக்கு இருக்கு, கை இருக்கு. அது போதும்" என்றாள் பவளாயி.

சடையன் இருட்டில் தடவிக்கொண்டே போய்ப் படுத்துவிட்டான். அவளோடு வாதாடி அவன் ஜெயித்ததே இல்லை.

மறுநாள் சொர்ணம் வந்து மண்ணைக் கொத்திப் பார்த்தாள். "என்ன பவளாயிக்கா, உள்ளே ராஜா வீட்டுப் பிள்ளைகளா இருக்கு, இப்படிப் பூட்டி வெச்சிருக்கீங்க?" என்று கேலி செய்தாள்.  பவளாயி இருட்டில் படுத்துக்கொண்டு சிரித்தாள். இனி யார் என்ன பேசினாலும் அவளுக்கு என்ன? எத்தனையோ நாளுக்குப் பிறகு அன்றுதான் அவள் நிம்மதியாகத் தூங்கினாள்.

காலையில் விடிந்ததே அவளுக்குத் தெரியவில்லை. பறவைச் சத்தத்தைக் கேட்டுத்தான் எழுந்தாள். குட்டிகளைத் தடவித் தடவி உண்ணி தேடினாள். கையில் பட்டதைப் பிடுங்கினாள். கையில் படாதது அவளுக்குத் தெரியவில்லை.

நாட்கள் போயின. மூத்ததும் நடுவுள்ளதும் பாலுக்கு முட்டி மோதின. கடைக்குட்டி அழுவதை நிறுத்திவிட்டது. முன்னெல்லாம் சிணுங்கிக்கொண்டே இருந்த குட்டி இப்போது வைத்த இடத்தில் கிடந்தது. வெளிச்சம் கண்ணைக் குத்தாததால் பிள்ளை நன்றாகத் தூங்குகிறது என்று அவள் சடையனிடம் பெருமையாகச் சொன்னாள். பால் குறைவாகக் குடித்தபோது வயிறு நிறைந்துவிட்டது என்று நினைத்தாள். இருட்டில் எல்லாம் நல்லதாகவே தோன்றியது.

ஒரு காலை அவள் கை பட்டபோது கடைக்குட்டி சில்லென்று இருந்தது.

அவள் கத்தியதைக் கேட்டுச் சடையன் பாய்ந்து வந்தான். பல்லாலும் நகத்தாலும் ஜன்னலைப் பிய்த்தான். களிமண் உடைந்து விழுந்தது. வெயில் உள்ளே கொட்டியது.

கடைக்குட்டியின் காது மடிப்புக்குள்ளும் அக்குளிலும் ஆமணக்கு விதை போல உண்ணிகள் ஊதிப் போய்க் கிடந்தன. குட்டியின் உடம்பு வெளுத்துச் சுருங்கியிருந்தது. சடையன் அதைத் தூக்கிப் பார்த்தான். அதில் உயிர் இல்லை.

மற்ற இரண்டின் மேலும் உண்ணிகள் இருந்தன. இருவரும் ஒவ்வொன்றாகப் பிடுங்கினார்கள். பிறகு சடையன் கடைக்குட்டியை எடுத்துப் போய் இலுப்பை வேரடியில் மண்ணுக்குள் வைத்துவிட்டு வந்தான்.

"என் கையில்தானே இருந்துச்சு" என்று பவளாயி திரும்பத் திரும்பச் சொன்னாள். "தினமும் என் கையில்தானே இருந்துச்சு."

அதற்குள் சொர்ணம் கிளைக்கு வந்துவிட்டாள். கழுத்தை நீட்டி உள்ளே பார்த்தாள். "ஒண்ணு குறையுதே அக்கா?" என்றாள். அவள் முகம் வாடியது. ஆனால் வாடிய முகத்தோடேயே குளத்துப் பக்கம் பறந்துபோனாள்.

பவளாயி பயந்துபோனாள். ஜன்னலைத் திறந்து வைத்தால் பூனையின் கை வரும். அடைத்தால் உண்ணி தின்னும். இருக்கிற இரண்டையாவது எப்படிக் காப்பது? சடையனைக் காவல் வைத்துவிட்டு, உண்ணி பிடுங்கிய கையைக் கழுவக் குளத்துக்குப் போனாள். அழுத முகத்தைத் தண்ணீரில் முக்கி எடுத்தாள்.

முகத்தில் ஏதோ ஒட்டிக்கொண்டது. கரையில் நின்ற அரச மரத்தின் பழைய இலை அது. நெடுநாள் தண்ணீரில் ஊறி, சதையெல்லாம் கரைந்து, நரம்பு மட்டும் சல்லடைத் துணி போல மிச்சம் இருந்தது. அதைப் பிய்த்து எறியப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். இலை கண்ணை மூடியிருந்தது. ஆனாலும் வெயில் தெரிந்தது. எதிர்க்கரையில் சொர்ணம் தலையை ஆட்டி ஆட்டிப் பேசுவதுகூடத் தெரிந்தது.

பவளாயி தண்ணீரில் துழாவி, கிழியாத இலைகளாகப் பொறுக்கினாள். வீட்டுக்குக் கொண்டுவந்து வெயிலில் உலர்த்தி, ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, மரப் பிசினால் ஜன்னலில் ஒட்டினாள். சடையனை உள்ளே நிற்கச் சொல்லிவிட்டு, தான் போய்ச் சொர்ணத்தின் கிளையில் உட்கார்ந்து பார்த்தாள். வெளியே வெயில் பளபளத்ததால் இலை நரம்பு மட்டும்தான் தெரிந்தது. அதற்குப் பின்னால் ஒரே கருப்பு.

"எங்கே நிக்கிறீங்க?" என்று கேட்டாள்.

"உனக்கு நேராத்தான் நிக்கிறேன். உன் மூக்கில் சேறு ஒட்டியிருக்கு, அதுகூடத் தெரியுது."

"உள்ளே வெளிச்சம்?"

"இருக்கு பவளாயி. பிள்ளைகளோட மயிர்க்கால் வரைக்கும் தெரியுது."

அவள் உள்ளே வந்து சேர்ந்த கொஞ்ச நேரத்தில் மரப்பட்டையை நகம் பிறாண்டும் சத்தம் கேட்டது. காட்டுப்பூனை ஏறி வந்துகொண்டிருந்தது. சொர்ணம் கிளைக்குக் கிளை தாவி வழி காட்டினாள்.

பூனை ஜன்னலில் முகத்தை வைத்தது. உள்ளே இருந்து பார்த்தால் அதன் மீசை தெரிந்தது, மஞ்சள் கண் தெரிந்தது. பவளாயி இரண்டு குட்டிகளையும் மார்போடு அணைத்துக்கொண்டாள். அது ஒரு நகத்தை நீட்டினால் போதும், இலை கிழிந்துவிடும். அவள் மூச்சை அடக்கினாள். கண்ணை மட்டும் மூடவில்லை.

பூனை மோந்து பார்த்தது. இலையில் குளத்துச் சேற்று வாடைதான் அடித்தது.

"பாழடைஞ்ச பொந்து. குப்பை வந்து அடைச்சிருக்கு" என்றது.

"இல்லை மாமா, காலையில் நானே பார்த்தேன்" என்றாள் சொர்ணம்.

"இப்போ பாரு."

சொர்ணம் வெயிலில் நின்று ஒரு கண்ணைச் சாய்த்துப் பார்த்தாள். மறு கண்ணைச் சாய்த்துப் பார்த்தாள்; வெறும் கருப்புதான். சொல்வதற்கு அவளிடம் ஒன்றும் இல்லை. அவள் வாழ்நாளில் அப்படி ஆனது அதுதான் முதல் முறை.

"இனிமேல் உன் பேச்சைக் கேட்டு நான் மரம் ஏற மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் பூனை இறங்கிப் போனது. சொர்ணமும் அந்தக் கிளைக்கு வருவதை விட்டுவிட்டாள். பார்க்க ஒன்றும் இல்லாத இடத்தில் அவளுக்கு என்ன வேலை?

மறுநாள் காலை வெயில் இலை வழியே உள்ளே வந்தது. சுவர் முழுவதும் மெல்லிய கோடுகளாக நரம்பின் நிழல் விழுந்தது. அன்றுதான் இரண்டு குட்டிகளும் கண் திறந்தன. அவை முதலில் பார்த்தது அந்த வெளிச்சத்தைத்தான்.

பவளாயி மூத்ததைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கீழே விட்டாள். நடுவுள்ளதைத் தூக்கிப் பார்த்தாள். கீழே விட்டாள். அதன் பிறகு அவள் கை தானாகத் தொட்டிலுக்குள் போய், பஞ்சை விலக்கித் தேடியது. வெயில் அங்கேயும் விழுந்திருந்தது. சடையன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அயலார் கண்ணுக்கு வீட்டை மறைக்க நினைப்பவர்கள், அது தங்கள் கண்ணுக்கும் மறைந்துபோகாமல் வெளிச்சத்துக்கு வழி விட்டே மறைக்க வேண்டும்.