கிணற்றுக் கயிறு

செம்மலைச் சீமையைப் பற்றி எழுதி அனுப்பும்படி அரண்மனையிலிருந்து உத்தரவு வந்தது. மலை எத்தனை, கிணறு எத்தனை, குடி எத்தனை. ஆள் இல்லாத இடங்களில் உள்ள கிணறுகளைத் தூர்த்துவிடப் போகிறார்களாம், கொள்ளையர் வந்து தங்கிவிடுவார்கள் என்று. நிழலில் உட்கார்ந்து யோசிக்கிறவர்களுக்கு இப்படித்தான் தோன்றும்.

எழுதும் வேலை சேந்தனுக்கு வந்தது. முப்பது வருஷம் நிலம் அளந்தவர். அதை விட்டுவிட்டுத் துறவி சாந்தம்மையிடம் சீடராகச் சேர்ந்திருந்தார். குருவைவிடச் சீடருக்குப் பன்னிரண்டு வயது அதிகம். முழங்கால் வேறு தேய்ந்துபோயிருந்தது. தனியே அனுப்ப மனமில்லாமல் சாந்தம்மையும் கூடவே நடந்தார்.

கிழக்கே உப்புப் படுகை. மேற்கே செம்மலை. நடுவில் மணலும் முள்ளும். நாற்பது நாள் நடந்ததில் அவர்கள் பார்த்த மனிதர்கள் அறுபத்தொரு பேர்.

உப்பு அள்ளிக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் சேந்தன் கேட்டார்.

“உங்க ஊர்ல எத்தனை பேரும்மா?”

“எந்த மாசத்துல?” என்றாள் அவள்.

அந்தப் பதிலை எழுத ஓலையில் இடமில்லை. விட்டுவிட்டார்.

கடைசியாக வந்து சேர்ந்த இடம் கள்ளிப்பள்ளம். மலையடியில் மூன்று குடிசைகள், ஒரு கிணறு. அடுப்புகளில் சாம்பல் குளிர்ந்து கிடந்தது. கிணற்றடியில் வாளியைக் கவிழ்த்து, அதன்மேல் ஒரு கல்லை வைத்திருந்தார்கள். கோடையில் ஆடுகளோடு மலை ஏறுகிறவர்கள் வழிப்போக்கருக்காக வாளியையும் கயிற்றையும் இப்படி விட்டுப் போவது அந்தச் சீமையின் வழக்கம்.

சேந்தன் தண்ணீர் இறைத்துக் குருவுக்குக் கொடுத்தார். தானும் வயிறு நிறையக் குடித்தார். பிறகு ஓலையை எடுத்தார்.

“என்ன எழுதுறீங்க?” என்றார் சாந்தம்மை.

“கள்ளிப்பள்ளம். கிணறு ஒண்ணு. ஆள் இல்லை.”

“இல்லையா?”

“அடுப்பு எரியிற வீட்டை மட்டும் எண்ணச் சொல்லி உத்தரவு. இங்க எரியலையே.”

“மேல ஏறிப் பார்க்கலாம்.”

“நாலு நாள் ஏத்தம் அம்மா. என் கால் தாங்காது.” சேந்தன் முழங்காலைத் தேய்த்துக்கொண்டார். “அலுத்துப்போச்சு. மடத்துக்குப் போய்ப் படுத்தா போதும்.”

“எனக்கும்தான்” என்றார் சாந்தம்மை. அது பொய்யில்லை. அவர் பாதங்களும் வெடித்துப்போயிருந்தன.

அவர் மெல்ல எழுந்து கிணற்றடிக்குப் போனார். உருளையிலிருந்து கயிற்றை உருவினார். ஆட்டு ரோமத்தில் திரித்த கயிறு. நைந்த இடங்களில் புதுப் புரி சேர்த்து முறுக்கியிருந்தது. வாளியிலிருந்தும் அதை அவிழ்த்து, நிதானமாகச் சுருட்டித் தன் பைக்குள் வைத்தார்.

“கயிறு எதுக்கு அம்மா?”

“நல்ல கயிறு. வழியில உதவும். கிளம்பலாமா?”

சேந்தன் பதறி எழுந்தார். முழங்கால் வலிகூட அப்போது நினைவில் இல்லை.

“வேண்டாம் அம்மா, வச்சிடுங்க. அவங்க இறங்கி வந்தா தண்ணிக்கு என்ன பண்ணுவாங்க?”

சாந்தம்மை பையின் வாயைக் கட்டிக்கொண்டே கேட்டார்.

“எவங்க?”