கொடி பிடித்த துரையின் படம்

பர்மா எல்லையிலே ஒரு பனிமலை. அதன் உச்சியில் தான் மட்டுமே ஏறியதாக வெள்ளைக்காரத் துரை ஒருவர் தன் பயணக் குறிப்பேட்டில் எழுதிவிட்டார். கூடவே காமிரா சுமந்து ஏறிய சவரிமுத்து, இறங்கும்போது பனிப்பிளவில் விழுந்து செத்தான். அவன் பெயர் குறிப்பேட்டில் எங்குமே இல்லை.

கீழே கூடாரத்தில் காத்திருந்த சுமைகூலி மாசிலாமணிக்கு மனசு ஆறவில்லை. ரங்கூனுக்குப் போய்ப் பெரிய அதிகாரியிடம் முறையிட்டான்.

பக்கத்தில் இருந்த துரை சிரித்தார். "அவன் உச்சிக்கு வந்ததை நீ பார்த்தாயா? சாட்சி எங்கே?"

துரை பத்திரமாகக் கொண்டுவந்த படச்சுருளிலிருந்து எடுத்து, அலுவலகச் சுவரில் மாட்டியிருந்த படத்தை மாசிலாமணி காட்டினான். "உச்சியிலே கொடியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறது நீங்கதானே, துரை? அப்போ காமிராவுக்குப் பின்னாடி நின்னது யாருங்க?"

அதிகாரி குறிப்பேட்டை வாங்கி, தன் கையாலேயே சவரிமுத்துவின் பெயரை எழுதினார். பிறகு, உடலை எடுத்துவர ஆள் அனுப்பட்டுமா என்று கேட்டார்.

"வேண்டாங்க," என்றான் மாசிலாமணி. "போனா இன்னொருத்தன் பேரையும் எழுத வேண்டிவரும்."