பதினேழாம் எண் வீட்டுத் தாள்

குரு சிஷ்யையைவிட நான்கு வயது இளையவள். ஞானக் கதைகளில் இப்படி வருவதில்லை என்று தெரியும். என்ன செய்வது, நடந்தது அப்படி.

குருவின் பெயர் நஜ்மா. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு மாமாவின் பைண்டிங் கடையில் உட்கார்ந்தவள். கல்லூரிப் பிள்ளைகளின் ஆய்வேடுகளும் பள்ளிக்கூட ரிக்கார்டு நோட்டுகளும் அவள் கையில்தான் அட்டை பெறும். வயது இருபத்திரண்டு.

சிஷ்யை சுடர்விழிக்கு இருபத்தாறு. எம்.ஏ. முடித்து அரசுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். வருடத்துக்கு நூறு புத்தகம் என்று ஒரு சபதம் வைத்திருந்தாள். போன வருடம் நூற்றுநான்கு. கண்ணுக்கு வேலை கொடுத்தது போதாதென்று கைக்கும் தேடினாள். முதலில் குரோஷா பின்னினாள், பிறகு காகிதப் பூ, பிறகு களிமண் தோடு. கடைசியில் புத்தகம் கட்டக் கற்றுக்கொள்ள நஜ்மாவிடம் வந்து சேர்ந்தாள். சுடர்விழி நஜ்மாவை ‘மாஸ்டர்’ என்பாள். நஜ்மா அவளை ‘அக்கா’ என்பாள். இருவருக்கும் அதில் கூச்சம் கிடையாது.

ஒரு சனிக்கிழமை காலை சுடர்விழி கடைக்குள் வந்து ஒரு புத்தகத்தை மேசைமேல் போட்டாள். பசைக் கிண்ணம் ஆடியது.

“இனிமே நான் எதுவும் எழுத மாட்டேன் மாஸ்டர். எதுலயும் கையெழுத்தும் போட மாட்டேன்.”

நஜ்மா கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள்.

“அப்பா எப்டி இருக்காங்க?”

“கால்ல தகடு வெச்சிருக்காங்க. மூணு மாசம் தரையில ஊனக் கூடாதாம்.”

சுடர்விழி குடியிருக்கும் எண்ணெய்க்காரத் தெருவில், தண்ணீர்க் குழாயை ஒட்டி, சாக்கடையின் மூடுகல் ஒன்று இல்லை. ஒரு வருடத்துக்கு மேலாகவே இல்லை. வியாழக்கிழமை பால் வாங்கப் போன அப்பா அந்த ஓட்டைக்குள் விழுந்துவிட்டார். முதலில் ஓடிவந்தவள் பதினேழாம் எண் வீட்டுப் பொன்னுத்தாய், பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவள். கட்டிய புடவையோடு சாக்கடையில் இறங்கித் தூக்கினாள். ஆட்டோவில் கூடவே ஏறினாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து பெற்ற மகளைவிட அதிகமாக அழுதாள். இவளுக்கு என்ன இவ்வளவு அழுகை என்று சுடர்விழிக்கு எரிச்சலாகக்கூட இருந்தது.

மேசைமேல் கிடந்தது அந்தக் கல்லுக்காக அவள் நகராட்சிக்கு எழுதிய ஏழாவது மனு.

முதல் ஆறும் சாதாரணத் தாள்கள். எங்கே போயின என்று அந்தத் தாள்களுக்கே தெரியாது. ஏழாவதை யாரும் தூக்கி எறிய முடியாதபடி செய்ய வேண்டும் என்று முடிவு கட்டி, அதைப் புத்தகமாகத் தைத்தாள். தன் வீட்டை விட்டால் தெருவில் நாற்பத்திரண்டு வீடு; வீட்டுக்கு ஒரு தாள். தாளின் இடது பாதியில் கையெழுத்துகள், வலது பாதியில் அந்த வீட்டார் தங்கள் கையாலேயே எழுதிய குறை. எழுத்து உள்ளே போகும்படி ஒவ்வொரு தாளையும் இரண்டாக மடித்தாள். மடிப்பு வெளியே வர, ஓரங்களை முதுகில் சேர்த்துத் தைத்தாள். மேலே மையால் வீட்டு எண்ணும் ஒரு மூடிய கதவும் வரைந்தாள். படிக்க நினைப்பவர் கத்தியால் மடிப்பை அறுத்துத்தான் திறக்க வேண்டும். பழைய காலத்தில் சில புத்தகங்கள் அப்படி வந்தன என்று எங்கோ படித்திருந்தாள். அதிகாரி ஒவ்வொரு வீட்டுக் கதவாகத் திறந்து பார்க்கட்டும் என்பது அவள் யோசனை. முதல் பக்கத்தில் அப்படி எழுதியும் இருந்தாள். சிவப்புக் காலிகோ துணி ஒட்டிய அட்டை, தங்க எழுத்து. அதிகாரி அதை வாங்கும்போது போட்டோவுக்கு நின்றார்.

“நேத்து ஆபீசுக்குப் போனேன் மாஸ்டர். இது எங்க இருந்துச்சு தெரியுமா? கண்ணாடி பீரோவுல. கபடிக் கோப்பைக்குப் பக்கத்துல.”

“கேட்டீங்களா?”

“கேட்டேன். ‘எவ்ளோ அழகா இருக்கும்மா, கை வைக்கவே மனசு வரல’ன்னாரு. பிடுங்கிட்டு வந்துட்டேன்.”

நஜ்மா சிரிக்கவில்லை.

“படிக்காதவங்களுக்கு எதுக்கு மாஸ்டர் எழுதணும்? நீங்க சொல்லுங்க.”

நஜ்மா புத்தகத்தை எடுத்தாள். கட்டை விரலால் மடிப்புகளை ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தாள்.

“ஒண்ணுகூட அறுக்கல.”

“அதான்! பதினோரு மாசம் மாஸ்டர். ஒரு பக்கம், ஒரே ஒரு பக்கம் திறக்கல. போட்டோ எடுத்துப் போடப்போறேன். ஊர் பாக்கட்டும்.”

“போடுங்க. நீங்க படிச்சீங்களாக்கா?”

“எதை?”

“இதை.”

“நான் எதுக்குப் படிக்கணும்? நான்தானே கட்டினேன்.”

நூற்றுநான்கு புத்தகம் படித்தவள் சொன்ன பதில் இது. சொன்ன வேகத்தில் அவளுக்கு அதில் ஒன்றும் தட்டுப்படவில்லை.

“தாளை வாங்கும்போதாவது?”

“கையெழுத்து இருக்கான்னு பாத்தேன். எல்லாரும் ஒண்ணைத்தானே எழுதுவாங்க, கல்லைக் காணோம்னு. மை நல்லா காயணும், மடிப்பு நேரா விழணும். அதுக்கே ரெண்டு நாள் ஆச்சு மாஸ்டர்.”

நஜ்மா மேசை இழுப்பறையிலிருந்து கத்தியை எடுத்தாள். சுடர்விழி பதறி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“வேணாம். அறுத்தா ஆதாரம் போயிடும்.”

“அப்ப முதல்ல போட்டோ எடுத்துக்குங்க.”

சுடர்விழி நான்கு பக்கமும் திருப்பித் திருப்பிப் படம் எடுத்தாள். எடுத்து முடிக்கும்வரை நஜ்மா கத்தியோடு காத்திருந்தாள். பிறகு கைக்கு வந்த ஒரு மடிப்பை அறுத்தாள். எண் ஐந்து. விரலை எழுத்தின் கீழே வைத்து, ஒவ்வொரு சொல்லாக வாசித்தாள்.

“‘கல்லைக் காணோம். கொசு தாங்கல. மாடசாமி.’”

“பாத்தீங்களா? அதேதான்.”

இன்னொன்று. எண் முப்பது.

“‘கல் இல்லை. ரெண்டு லைட் எரியல. எங்க பையன் சம்முகத்துக்கு நல்ல இடமா இருந்தா சொல்லவும்.’”

அவ்வளவு கோபத்திலும் சுடர்விழிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “ஆபீசர்கிட்ட பொண்ணு கேட்டிருக்காங்க!”

“ஆபீசர்கிட்ட கேக்கலக்கா. தாள் கொண்டுவந்து குடுத்தது நீங்க.”

நஜ்மா மூன்றாவது மடிப்பை அறுத்தாள். விரல் முதல் வரியில் நகர்ந்தது, இரண்டாவது வரியில் நின்றது. புத்தகத்தை அப்படியே சுடர்விழி பக்கம் திருப்பி வைத்தாள்.

“நீங்களே படிங்க.”

எண் பதினேழு. பென்சில் எழுத்து.

‘பாப்பாவுக்கு. நீ படிச்ச பொண்ணு, வெளிய சொல்ல மாட்ட. அந்தக் கல்லு எங்க கொல்லையிலதான் கெடக்கு. சாக்கடை அள்ள வந்தவங்க ஓரமா எடுத்துப் போட்டுட்டு மூடாமப் போயிட்டாங்க. நாலு நாள் கெடந்துச்சு. எங்க வீட்டுக்காரரும் மச்சானும் துணி துவைக்க ஆகும்னு தூக்கிட்டு வந்துட்டாங்க. இப்ப அவரு திருப்பூர்ல இருக்காரு. என்னால தூக்க முடியல. யாரையும் கேட்டா கல்லுத் திருடினவன்னு சொல்லுவாங்க. நாலு பேரை வெச்சுத் திருப்பிப் போட்டுரு. வரும்போது பின்பக்கமா வா. பொன்னுத்தாய்.’

சுடர்விழி படித்தாள். மறுபடி முதல் வரியிலிருந்து படித்தாள். பக்கத்தில் இருந்த ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தாள்.

அறுபடாத மடிப்புகளைப் படம் எடுத்த போன் மடியில் கிடந்தது. அதைத் தொடவே அவளுக்குப் பயமாக இருந்தது.

“மாஸ்டர்.”

“ம்.”

“எங்க வீட்லேர்ந்து எட்டு வீடு தள்ளி.”

“ம்.”

“என் கையாலதான் மடிச்சேன். அளவுகோல் வெச்சு.”

நஜ்மா கத்தியை ஒரு தாளில் சுற்றித் தன் பைக்குள் போட்டாள்.

“உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?”

“எனக்கு எப்டித் தெரியும்? மடிப்பு அறுக்காத புத்தகத்தைப் பாத்தா கை துறுதுறுங்கும். அவ்ளோதான்.”

கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு இருவரும் கிளம்பினார்கள். எண்ணெய்க்காரத் தெருவின் பின்பக்கச் சந்து வழியாகப் போனார்கள். பொன்னுத்தாய் கொல்லையில் துணிக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தாள். சோப்பு நுரைக்கு அடியில் கல் இருந்தது. ஓரத்தில் நகராட்சி போட்ட மஞ்சள் பெயிண்ட் எண்கூட அழியவில்லை.

பொன்னுத்தாய் சுடர்விழியைப் பார்த்தாள். அவள் கையில் இருந்த சிவப்புப் புத்தகத்தையும், அதில் விரல் வைத்திருந்த பக்கத்தையும் பார்த்தாள். கையில் இருந்த துணி நழுவியது.

“இப்பத்தான் படிச்சியா பாப்பா?”

சுடர்விழி தலையை ஆட்டினாள்.

“நான் என்னென்னமோ நெனச்சேனே! படிச்சுட்டுத்தான் நீ கோவத்துல மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போறியோன்னு நெனச்சேன். எத்தன தடவ குழாயடியில எதுக்க வந்து நின்னேன்! நீ ஏறெடுத்தும் பாக்கல. போலீசுல சொல்லிடுவியோன்னு ராத்திரியெல்லாம் தூங்காமக் கெடந்தேன்.”

“நான் மூஞ்சியத் திருப்பலக்கா. போன்ல படிச்சுக்கிட்டே நடப்பேன். அதான்…”

பொன்னுத்தாய் கல்லின்மேலேயே உட்கார்ந்துவிட்டாள். “உங்கப்பா அப்டிக் கெடந்தாரே பாப்பா. நான் தள்ளிவிட்ட மாதிரி இருந்துச்சு எனக்கு.”

“நீங்க தள்ளல. நீங்க எழுதிக் குடுத்தீங்க.” சுடர்விழி ஈரக் கல்லில் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் வராத அழுகை இங்கே வந்தது.

நஜ்மா சந்துக்குள் போய் ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து இருவரைக் கூட்டி வந்தாள். அவர்களில் ஒருவன் கடப்பாரையோடு வந்தான்.

“கல்லு எங்கேர்ந்து கெடச்சுச்சு?” என்றான்.

“மனுப் புத்தகத்துலேர்ந்து” என்றாள் நஜ்மா.

அவன் மேற்கொண்டு கேட்கவில்லை. ஐந்து பேரும் புரட்டியும் இழுத்தும் சந்து வழியாகச் சுற்றிக் கல்லைக் குழாயடிக்குக் கொண்டுவர முக்கால் மணி நேரம் ஆனது. பதினோரு மாதக் காரியம் முக்கால் மணி நேரம். கல் தன் இடத்தில் பொருந்தி உட்கார்ந்தபோது தண்ணீர் பிடிக்க நின்றவர்கள் கை தட்டினார்கள். சுடர்விழி தட்டவில்லை. கல்மேல் ஏறி நின்றாள். கல் ஆடவில்லை.

பொன்னுத்தாய் ஆட்டோக்காரர்களுக்குத் தண்ணீர் கொண்டுவரப் போனாள்.

“மாஸ்டர், அப்ப ஆபீஸ்காரங்க மேல தப்பே இல்லையா?”

“ஏன் இல்ல? சாக்கடை அள்ள வந்தவங்க திரும்ப மூடியிருக்கணும். குடுத்ததைப் படிச்சிருக்கணும். அதை எழுதுங்க. நல்லா காரமா எழுதுங்க.”

“காலையில கேட்டதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லல.”

“என்ன கேட்டீங்க?”

சுடர்விழி அந்தக் கேள்வியை மறுபடி சொல்ல வாயெடுத்தாள். சொல்லக் கூசியது. ஆனாலும் சொன்னாள்.

“படிக்காதவங்களுக்கு எதுக்கு எழுதணும்னு.”

நஜ்மா சிவப்புப் புத்தகத்தைத் துடைத்து அவள் கையில் வைத்தாள். கத்தியைப் பிடிப் பக்கமாகத் திருப்பி அதன்மேல் வைத்தாள்.

“முப்பத்தொம்பது வீடு இன்னும் எழுதிக் குடுத்துட்டுக் காத்துக்கிட்டு இருக்குக்கா.”